ஐந்தாவது வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 9

"இதுல அம்மா யாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. குழந்தை மெஹராஜின் மடியில் இருந்தது.

"நான்தான்" என்றாள் ரஷீதா. எழுந்து, அக்காவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

மெஹராஜ் புர்காவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். சரிசெய்ய ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

நர்ஸ் கேட்டதில் தப்பில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். "ரெண்டு பேரும்தான்" என்று ரஷீதா சொல்லியிருப்பாள்.

அப்போது பேச்சு அப்படித்தான் இருந்தது. மெஹராஜுக்கும் ஜெயினுலாப்தீனுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை நன்றாக ஓடியது. பிள்ளை இல்லை. விக்ரோலியில் இருந்த தங்கை ரஷீதாவுக்கு மூன்று. நாலாவது உண்டானதும், "இது ஒனக்கு லாத்தா" என்றாள் அக்காவிடம். அவள் புருஷன் ரஹ்மத்துல்லாவும் தலையாட்டினான். பிரசவத்துக்கு ரஷீதா அக்கா வீட்டுக்கே வந்தாள். பெண் பிறந்தது. சுலைகா என்று பெயர் சொன்னது ஜெயினுலாப்தீன். நாற்பது நாள் கழிந்ததும் தாய் விக்ரோலிக்குப் போவாள், பிள்ளை தாராவியில் இருக்கும்.

பெண் பிள்ளை என்பதால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. தூக்கி வளர்த்தாலும் மார்க்கப்படி ஜெயினுலாப்தீன் அவளுக்கு அந்நிய ஆண். பெரியவளானதும் அவர் முன்னால் தலை திறந்து நிற்க முடியாது. அதற்கு வழி உண்டு. ஜெயினுலாப்தீனின் தங்கை ஆபிதா கைக்குழந்தைக்காரி, பக்கத்துச் சந்தில் இருந்தாள். அவள் சுலைகாவுக்கு ஐந்து தடவை வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால் அவள் பால்தாய். அவளுடைய அண்ணன் இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். பிறகு எந்தத் திரையும் வேண்டாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு, ஐந்து வெள்ளிக்கிழமை, இரண்டு பெண்கள் சாட்சியாக இருக்க, என்று முடிவு செய்தார்கள்.

நாலு வெள்ளிக்கிழமை முடிந்தது.

ஐந்தாவதற்கு முந்தின நாள் பிள்ளைக்கு ஜுரம். நர்சிங் ஹோமில் ஊசி போட்டார்கள். புதிதாக வந்திருந்த சோனோகிராபி மெஷினில் வயிற்றைப் பார்த்தார்கள். "கிட்னி மே சூஜன் ஹை" என்றான் மெஷின்காரன். வீக்கம். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதினார்கள். செம்பூர் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைதான் நேரம் கிடைத்தது.

மெஹராஜ் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபிதா வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வாங்கி ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். மெஹராஜ் குனிந்து பிள்ளையைத் தூக்கிவிட்டாள்.

"ஜுரம் அடிக்கி ஆபிதா. இன்னிக்கு வேண்டாம்."

ஜுரம் விட்டிருந்தது. ஆபிதா பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டு போனாள்.

நாலு தடவை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். ஐந்து என்றால் உறவு உறுதியாகிவிடும். மெஹராஜ் அவ்வளவுதான் யோசித்தாள்.

பிறகு தங்கையிடம், "மச்சானுக்கு மனசு இல்ல ளா. நோயுள்ள புள்ளையின்னு யோசிக்காவ" என்றாள்.

புருஷனிடம், "ரஷீதாவுக்குப் புள்ளையப் பிரிய மனசு வரல. ஒண்ணும் கேட்டுக்கிடாதீங்க" என்றாள்.

இருவரும் நம்பினார்கள். நாற்பதாம் நாள் ரஷீதா பிள்ளையோடு டாக்சியில் ஏறினாள். ஜெயினுலாப்தீன் பிள்ளையின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரஷீதாவுக்கு அது கல்மனசாகத் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம். இன்று பிள்ளையின் வயிற்றை மெஷினில் இரண்டாவது படம் எடுத்திருந்தார்கள். "நானும் வாரேன்" என்று மெஹராஜ்தான் ஆள் அனுப்பியிருந்தாள். ஏன் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

டாக்டர் ஷ்யாமளா மாட்டுங்காக்காரர். காதில் வைரத்தோடு, மூக்கு நுனியில் கண்ணாடி. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழைய படத்தை எடுத்தார். மறுபடி புதியதைப் பார்த்தார். மெஹராஜுக்கு அந்த நேரம் நீண்டது.

"போன தடவை எட்டு மில்லிமீட்டர். இப்போ அஞ்சு" என்றார். "வத்திண்டு வரது."

"அப்படின்னா டாக்டர்?" என்றாள் ரஷீதா.

"நல்லதுன்னு அர்த்தம். பிறந்த புதுசுல மூத்திரம் வடியற பாதை சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். அதனால கிட்னில கொஞ்சம் தேங்கும். வளர வளரச் சரியாயிடும். இந்த அளவு லேசா இருக்கறதுல முக்கால்வாசிக்கு மேல ஒண்ணு ரெண்டு வயசுக்குள்ள தானே போயிடும்."

"மருந்து?"

"ஒண்ணும் வேண்டாம். பால் குடிக்கறாளா?"

"மூணு புள்ள குடிக்கறத ஒத்தையா குடிக்கா."

டாக்டர் சிரித்தார். "எடையைப் பார்த்தாலே தெரியறது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. சளி இல்லே, இருமல் இல்லே, காரணமே இல்லாம ஜுரம் வந்தா, ரெண்டு நாள் பார்ப்போம்னு இருக்கப்படாது. அன்னைக்கே மூத்திரம் டெஸ்ட் பண்ணணும். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம்."

மெஹராஜ் வாயைத் திறந்தாள். "டாக்டர், எங்க வாப்பா கிட்னியிலதான் போனாவ. கால் ரெண்டும் உரல் மாதிரி வீங்கி. மூணு வருஷம் நான்தான் பார்த்தேன்."

"நீ யாரும்மா?"

"பெரியம்மா."

"வாப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா?"

"இருந்துச்சு."

"அது வேற வியாதி. தாத்தா காலையும் பேத்தி கிட்னியையும் ஒண்ணாப் போட்டுக் கட்டாதே." டாக்டர் பேனாவை மூடினார். "நான் போன தடவையே இவகிட்ட சொன்னேனே, லேசானது, பயப்பட ஒண்ணும் இல்லேன்னு. ஆத்துல யாரும் நம்பலையா?"

"நம்ப வேண்டியவுக நம்பல டாக்டர்" என்றாள் ரஷீதா.

மெஹராஜ் தரையைப் பார்த்தாள்.

"நூத்துக்கு நூறுன்னு நான் எந்தக் குழந்தைக்கும் எழுதித் தரமாட்டேன்" என்றார் டாக்டர். "என் பிள்ளைக்கே தரமாட்டேன். ஆனா இவளுக்காக நான் தூக்கத்தைக் கெடுத்துக்க மாட்டேன். போய்ட்டு வாங்கோ."

சயான் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரஷீதா ஜன்னல் ஓரம். பிள்ளை அவள் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கியது.

ரஷீதா சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடி சிரித்தாள். "எட்டு அஞ்சாயிருச்சு லாத்தா."

"அல்லா காப்பாத்திட்டான்."

"சயான்ல எறங்கி ரயில்ல ஏற மாட்டேன். ஒன் வீட்டுக்கு வாரேன்."

மெஹராஜ் நிமிர்ந்தாள். "இப்பவா? புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துருமே."

"பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா பார்த்துக்கிடும். நான் மச்சான்கிட்ட பேசணும்."

"என்ன பேசப் போற?"

"டாக்டர் சொன்னதச் சொல்லப் போறேன். அப்புறம் வாயில வந்ததையும் சொல்லப் போறேன்."

"வேண்டாம் ளா. நான் பக்குவமா எடுத்துச் சொல்லுதேன்."

"நீ எடுத்துச் சொல்லிக் கிழிச்ச." ரஷீதா திரும்பினாள். "நீ பயந்தாங்கொள்ளி லாத்தா. அவுக ஒரு சொல்லு சொன்னா அடங்கிப் போயிருவ. ஒம் மேல எனக்குக் கோவம் இல்ல. ஒன்னப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு."

கண்டக்டர் டிக்கெட் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டு வந்தான். மெஹராஜ் சில்லறையை நீட்டினாள்.

"வாப்பா மௌத்தானப்ப எனக்கு வயசு பதினஞ்சு" என்றாள் ரஷீதா. "என் நிக்காஹ்வ நடத்தி வச்சது மச்சான். அவுகள நான் வாப்பா எடத்துல வச்சிருந்தேன். அந்த மனுஷன் எம் புள்ளைய சொத்தப் பழம் மாதிரி ஒதுக்கிட்டாருல்லா. அதத்தான் தாங்க முடியல. ரெண்டு மாசமா அவுக அனுப்புன மாம்பழம், பிஸ்கட்டு எல்லாம் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன்."

மெஹராஜுக்கு அது தெரியாது. மாம்பழம் அனுப்பியதே தெரியாது.

இப்போது சொல்லியிருக்கலாம். பஸ் சுன்னாபட்டியில் நின்றது, கிளம்பியது. மறுபடி நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு நிறுத்தமும் கடந்தது.

பட்டறை கீழே. வீடு மேலே, மர ஏணி ஏறினால் மாளா என்கிற பரண் அறை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. தோலும் பசையும் கலந்த வாடை சந்து முனையிலேயே வந்தது.

முதலில் பார்த்தது பூலோகம். பதினைந்து வருஷமாக அங்கே பை தைக்கிறவன், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். தையல் மெஷினை நிறுத்தினான்.

"மொதலாளி! ஒங்க குட்டி மருமக வந்துருக்கா! சலாம் போடுங்க!"

ஜெயினுலாப்தீன் நிமிர்ந்தார். தோல் வெட்டும் கத்தி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தார். பிள்ளையைப் பார்த்தார், ரஷீதாவைப் பார்த்தார், மறுபடி பிள்ளையைப் பார்த்தார்.

"வாம்மா" என்றார். பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். கையை மூக்கருகே கொண்டு போனார். மறுபடி சோப்புப் போட்டார்.

பூலோகம் சிரித்தான். "ரஷீதாம்மா, மொதலாளி நிக்காஹ் அன்னிக்குக்கூட இப்படிக் கை கழுவிருக்க மாட்டாவ."

ரஷீதா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பூலோகம் மற்ற இரண்டு பேரிடமும் கண்ணைக் காட்டினான். "சலோ, சாய் குடிச்சிட்டு வருவோம்." மூவரும் போனார்கள்.

ஜெயினுலாப்தீன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். ரஷீதா பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல கேளுங்க மச்சான். படம் எடுத்தோம். எட்டு அஞ்சாயிருச்சு. வீக்கம் வத்துதாம். தானா போயிருமாம். மருந்துகூட வேண்டாமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் முகம் மலர்ந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"இப்ப ஒங்களுக்கு மனசு வந்துருமே."

"என்னம்மா?"

"நோயுள்ள புள்ள வேண்டாமுன்னு சொன்னீயளே. லாத்தா அழுது அழுது எங்கிட்ட சொல்லிச்சு. மச்சானுக்கு மனசு இல்லன்னு. இப்ப நோய் போவுது. இப்ப வேணுமா?"

ஜெயினுலாப்தீனின் கை மெதுவாக இறங்கியது.

மெஹராஜ் ஏணியின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எதையோ கூட்டிப் பார்ப்பது போல இருந்தது. வெள்ளிக்கிழமை. ஜுரம். டாக்சி. பதில் வராத பிஸ்கட் டப்பா. எல்லாம் அவருக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

அவர் ரஷீதாவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்மா" என்றார். "பயந்துட்டேன். என் தப்புதான்."

"பயமா?" ரஷீதாவின் குரல் உயர்ந்தது. "பெத்த எனக்கு இல்லாத பயமா? கடையில தோல் பார்த்து வாங்குவீயளே, ஓட்டை இருந்தாத் தள்ளி வைப்பீயளே, அப்படியா எம் புள்ளைய நெனச்சீய? நாப்பது நாளும் அவள மடியிலயே வச்சிருந்தீயளே மச்சான்! பொறந்ததும் அவ காதுல பாங்கு சொன்னது நீங்க! பேரு வச்சது நீங்க! ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"வெக்கமாத்தான் இருக்கு."

ஐம்பதை நெருங்கும் மனுஷன். பள்ளிவாசல் கமிட்டியில் உட்காருகிறவர். தன் பட்டறை நடுவில், ஈரக் கையோடு, தலை குனிந்து நின்றார். எதிர் பட்டறையில் மெஷின் நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இவர் இப்படியே நின்றுவிடுவார் என்று மெஹராஜுக்குத் தெரிந்தது. இன்று மட்டும் அல்ல. ரஷீதா கொஞ்ச நாளில் மன்னித்துவிடுவாள். பிள்ளை வரும். மூன்று பேரும் ஒரு வீட்டில் இருப்பார்கள். பிள்ளை வளர்ந்தபின் யாராவது சொல்வார்கள், ஒன்னை மொதல்ல வேண்டாமுன்னது ஒங்க மாமா என்று. அவர் அதற்கும் ஆமாம் என்பார்.

தான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். எல்லாம் கிடைத்துவிடும்.

"அவுக சொல்லல" என்றாள் மெஹராஜ்.

ரஷீதாவுக்குக் கேட்கவில்லை. "நீ சும்மா இரு லாத்தா, எப்பவும் இவுகளுக்கே..."

"அவுக சொல்லல ளா. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான்."

"மெஹராஜ், மேல போ" என்றார் ஜெயினுலாப்தீன்.

"நான்தான் வேண்டாமுன்னேன். ஆபிதா மடியில இருந்து தூக்குனது நான். அன்னிக்கு ஜுரம் இல்ல. இவுகளுக்கு மனசு இல்லன்னு ஒங்கிட்ட சொன்னேன். ஒனக்கு மனசு இல்லன்னு இவுககிட்ட சொன்னேன். வாப்பா காலு ஞாபகத்துக்கு வந்துச்சு. மறுபடியும் ஒருத்தரக் கழுவித் தொடைச்சுக் குழிக்கு அனுப்ப முடியாதுன்னு தோணிச்சு. அஞ்சாவது தடவ கொடுத்துட்டா அப்புறம் அவ எங்க வீட்டுப் புள்ளன்னு ஆயிருமேன்னு..." அவள் நிறுத்தினாள். "செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்திருக்கலாம். நாலு நாளு."

பிள்ளை விழித்துக்கொண்டு காலை உதைத்தது.

ரஷீதா முதலில் மச்சானைப் பார்த்தாள். "நீங்க ஏன் ஆமாமுன்னீய?"

அவர் லுங்கியில் மறுபடி கையைத் துடைத்தார்.

"மாம்பழத்த எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன் மச்சான்" என்றாள்.

"இருக்கட்டும்மா. பழம்தானே."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். பஸ்ஸில் பாவமாக இருக்கிறது என்றவள் இப்போது அப்படிப் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னாவல்லா, காரணமில்லாம ஜுரம் வரலாமுன்னு. நாளைக்கே வந்தா என்ன செய்வ லாத்தா?"

தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்ற பதில் மெஹராஜின் நாக்கு நுனி வரை வந்தது. சுலபமான பதில். அவள் அதை விழுங்கினாள்.

"நாலாவது வெள்ளிக்கெழம நீ கேட்டிருந்தீன்னா, தூக்கிட்டு ஓடுவேன்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள். "சத்தியம்கூடப் பண்ணிருப்பேன். அடுத்த வாரமே ஆபிதா மடியில இருந்து எடுத்துட்டேன். எம் பேச்ச எப்படி நம்புவ? நானே நம்பல."

ரஷீதா பிள்ளையைத் தோளில் சாய்த்தாள். புர்காவின் நுனியால் அதன் முகத்துக்கு நிழல் கொடுத்தாள். வாசலைத் தாண்டினாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றார் ஜெயினுலாப்தீன்.

"பசி இல்ல மச்சான்." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "லாத்தா, ஆபிதாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. என்ன சொல்லணுமோ அத நான் சொல்லிக்கிடுதேன்."

மெஹராஜ் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே போகக் கால் எழுந்தது. புருஷனின் குரல் தடுத்தது.

"போகாத."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மறுபடி தோலின் முன் உட்கார்ந்துவிட்டார். கத்தியை எடுத்தார். வெட்டவில்லை.

சந்து நேராகப் போய் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் சயான் ஸ்டேஷன் ரோடு. இடது பக்கம் ஆபிதாவின் சந்து. ரஷீதா முனையில் நின்றாள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

இடது பக்கம் திரும்பினாள்.

மெஹராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது தடவைக்காகப் போகிறாளா? அண்ணன் பெண்டாட்டி என்ன செய்தாள் என்று ஆபிதாவிடம் சொல்லப் போகிறாளா? முதலாவது என்றால் பிள்ளை இந்த வீட்டோடு கட்டப்பட்டுவிடும். இரண்டாவது என்றால் பொழுது சாய்வதற்குள் இந்தச் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

எதுவானாலும் நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. எதிர் பட்டறைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்திரையை இறக்கவில்லை. பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.